நான் கேட்காமல் வந்த நான்கு சில்லுகள்

அந்த வீட்டுப் படலையைத் தாண்டும்போது நீங்கள் இருவரும் முகத்தை மற்றப் பக்கம் திருப்புவதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். மகள், நீதான் முதலில் தொடங்கினாய். தம்பி உன்னைப் பார்த்துப் பழகிவிட்டான். அம்மாவுக்காக எங்கள் பிக்கப்பின் பழைய சில்லுகளைத் திருப்பிக் கேட்டபோது அந்த வீட்டு மனிசன் தர மறுத்துவிட்டார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அப்படி நினைத்தபோது, இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று வருடம் போய்விட்டது. வாயால் சொல்ல எத்தனையோ தரம் முயன்றேன். வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஓ.எல். வரைக்கும் படித்தவன் எழுதுவது எப்படி இருக்குமோ அப்படித்தான் இது இருக்கும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிக்கப்பை நாங்கள் வாங்கியது நெல் மூட்டையும் மரக்கறியும் ஏற்ற. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று தெரிந்த பிறகு அது அவவின் வாகனமாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் வவுனியாவுக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வீட்டிலிருந்து மல்லாவி, மல்லாவியிலிருந்து மாங்குளம், பிறகு ஏ-ஒன்பதால் தெற்கே. போக அறுபத்தைந்து கிலோமீற்றர், வர அறுபத்தைந்து. அந்த நேரம் உங்களைப் படிப்புக்காகக் கிளிநொச்சியில் சின்னம்மா வீட்டில் விட்டிருந்தோம். அம்மாவின் விருப்பம் அது. தன்னுடைய வீங்கிய கால்களை நீங்கள் நெடுகப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அவ நினைத்தா.

ஒரு மாரிமழையில் மெசின் முடிந்து திரும்பி வரும்போது, குளக்கட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் பிக்கப் புதைந்துவிட்டது. நான் கல்லை வைத்தேன், தடியை வைத்தேன், சில்லு சுற்றிச் சுற்றி இன்னும் கீழேதான் போனது. அம்மா உள்ளே இரண்டு மணித்தியாலம் இருந்தா. மெசின் முடிந்த நாளில் அவவுக்குத் தலையை நிமிர்த்தி வைத்திருக்கவே ஏலாது. கடைசியில் வந்து இழுத்தது யார் தெரியுமோ? நீங்கள் முகம் திருப்புகிற அதே மனிசன்தான். தன் மாட்டையும் தன் மச்சானின் மாட்டையும் சேர்த்துக் கட்டி, முழங்கால் சேற்றில் நின்று இழுத்தார். வெளியே வந்ததும் அம்மா கண்ணாடியை இறக்கி என்னிடம், "மாடு இழுக்கிற வண்டிலுக்கு ஏனப்பா டீசல்?" என்று கேட்டா. அந்தக் களைப்பிலும் அவவுக்கு என்னை ஒரு இடி இடிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த கிழமை நான் மாங்குளத்தில் ஒரு டயர்க் கடைக்குப் போனேன். சேற்றுக்கென்று ஆழமாக வெட்டிய, உயரமும் அகலமும் கூடிய டயர்கள் நாலு, அவற்றுக்குத் தக்க றிம்மோடு. அம்மாவை இனி ஒருநாளும் சேற்றில் இருத்தக் கூடாது என்பதுதான் காரணம். ஆனால் உண்மை எழுதுவதென்றால் முழுவதும் எழுத வேண்டும். அப்படியான சில்லுப் போட்ட பிக்கப்புகள் வீதியில் போகும்போது நான் நின்று பார்த்திருக்கிறேன். பாதி அவவுக்காக, பாதி எனக்காக.

கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. இதைப் போட்டால் டீசல் கூடுதலாகக் குடிக்கும் என்று முதலிலேயே சொன்னார். சில்லு பாரம், எஞ்சின் அதைத் தொடக்கிவிடவே கஷ்டப்படும், தார் றோட்டில் அந்த ஆழமான வெட்டுகள் இழுத்துப் பிடிக்கும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். மீற்றருக்குத் தெரிந்தது சில்லு எத்தனை தரம் சுற்றியது என்பது மட்டும். பெரிய சில்லு ஒரு சுற்றில் கூடுதலான தூரம் போகும். அது மீற்றருக்குத் தெரியாது. ஆகவே ஓடிய தூரத்தை அது குறைத்துத்தான் காட்டும்.

முதலாவதை நான் கேட்டேன். இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டேன். அதுதான் நான் விட்ட பிழை.

வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தியபோது அம்மா சுற்றிவந்து பார்த்தா. "றோட்டுப் போடுற பெரிய கொந்தராத்துக்காரர் ஆகிட்டியள். இனி என்னோட கதைப்பியளோ தெரியாது" என்றா. பிறகு ஏறப் பார்த்தா. கால் எட்டவில்லை. ஏற முடியாத உயரத்துக்கு வாகனத்தைத் தூக்கிவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பலகையில் ஒரு படி அடித்துக் கொடுத்தேன். அதில் ஒரு காலை வைத்து, என் தோளில் ஒரு கையை வைத்து ஏறுவா. ஆஸ்பத்திரி வாசலில் சனம் பார்க்கும்.

கழற்றிய சிறிய சில்லுகள் நாலும் வீட்டுக் கோடியில் கிடந்தன. அவற்றை அந்த மனிசனுக்குக் கொடுக்கச் சொன்னதும் அம்மாதான். அவர் அப்போது ஒரு தண்ணீர் வண்டில் செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லி, ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு இடத்தில் வடிகட்டிய தண்ணீர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அதைத் தாங்கியில் நிரப்பி, ஒற்றை மாட்டில் கட்டி, எங்கள் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுவர அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அச்சு கிடைத்திருந்தது, சில்லு கிடைக்கவில்லை. அம்மாவுக்கு வந்த சிறுநீரக வருத்தம் மற்ற வீடுகளுக்கும் வரக் கூடாது என்று அம்மாவே நினைத்துக் கொடுத்த சில்லுகள் அவை. இரண்டை அவர் வண்டிலில் பூட்டினார். மற்ற இரண்டையும் மாற்றுக்கு வைத்துக்கொண்டார்.

பிறகு டீசல் கதை. முந்தி எங்கள் பிக்கப் லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் ஓடியது. தாங்கியை வாய்மட்டும் நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிப் பார்த்துத்தான் அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். பெரிய சில்லுப் போட்ட பிறகு அதே மாதிரிப் பார்த்தால் எட்டுச் சொச்சம். நான் பதறவில்லை. மீற்றர்தானே குறைத்துக் காட்டுகிறது, வாகனம் ஓடுகிற தூரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். அடுத்த முறையும் எட்டு. அடுத்த முறையும் அதையே சொன்னேன். டயர்க் கடைக்காரர் எச்சரிக்கையாகச் சொன்ன சொல்லை நான் ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்.

அம்மா வழியில் கிலோமீற்றர்க் கல் எண்ணிக்கொண்டு வருவா. உடம்பு நோவை மறக்க அவவுக்கு அது ஒரு வழி. ஒருநாள் மாங்குளம் சந்தி தாண்டி முதல் கல்லில் மீற்றரைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டா. வவுனியாவை நெருங்கும்போது வாயைத் திறந்தா.

"இஞ்சருங்கோ. நாப்பது கல்லு வந்திருக்கிறம். உங்கட மீற்றர் முப்பத்தேழு காட்டுது."

"பாத்தீரே, நான் சொன்னனான்தானே. மீற்றர்தான் பொய் சொல்லுது."

"ஓம், மூண்டு கல்லுப் பொய். அதைக் கூட்டிப் பாத்தாலும் லீற்றருக்கு ஒன்பதுதானே வருது. பதினொண்டு ஓடினது. மிச்சத்தை ஆர் குடிக்கினம்?"

ஐந்தாம் கியரில் எஞ்சின் திணறுவது எனக்குக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. முந்தி ஐந்தில் போன இடத்தில் இப்போது நாலுக்கு இறக்கித்தான் போனேன். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. நூற்றுமுப்பது கிலோமீற்றர்ப் பயணத்தில் சேறு ஒரே ஒரு கிலோமீற்றர், அதுவும் மாரியில். மிச்சமெல்லாம் நல்ல தார் றோட்டு. அந்த ஒரு கிலோமீற்றருக்காக நூற்றிருபத்தொன்பதிலும் டீசலைக் கொட்டிக்கொண்டு போனேன். அப்போது டீசல் கிடைத்தது. ஆகவே அது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

பிறகு நாட்டில் டீசல் இல்லாமல் போனது. உங்களுக்கும் அது ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் பூட்டினார்கள், சின்னம்மா விறகில் சமைத்தா. இங்கே மல்லாவி பெற்றோல் செட்டில் வாகனங்கள் ஒரு கிழமையாக அசையாமல் நின்றன. முச்சக்கர வண்டிகளுக்கும் பெற்றோல் இல்லை. பஸ் எப்போதாவது ஒன்று வரும், மிதிபலகையில் சனம் தொங்கும். நிற்க முடியாத ஒரு மனிசியை அதில் ஏற்ற முடியாது. மூச்சு நிற்கப் போகிற ஆளுக்கு அம்புலன்ஸ் வரும். முறைக்குப் போக வேண்டிய ஆளுக்கு எல்லா நாளும் எப்படி வரும்?

தாங்கியிலும் இரண்டு கான்களிலுமாக எங்களிடம் அறுபத்திரண்டு லீற்றர் இருந்தது. குசினியில் அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா, நான் நிலத்தில் இருந்தேன். இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். அந்தப் பெரிய சில்லுகளில் ஒரு முறை போய்வர பதினான்கரை லீற்றர். நாலு முறை போகலாம். சிறிய சில்லு என்றால் பன்னிரண்டு. ஐந்து முறை போகலாம். இரண்டு கிழமைக்குப் பிறகு டீசல் ஏற்றிய பவுசர் லொறி வரும் என்று செட்டில் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஐந்தாவது முறைக்குள் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

"பழைய சில்லை ஒரு மாதத்துக்கு வாங்கிப் போடுவமே" என்று அம்மாதான் சொன்னா. "கேட்டால் தருவினம்."

அன்று பின்னேரம் நான் போனேன். அந்த மனிசன் முற்றத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். வண்டில் பக்கத்தில் நின்றது. வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். டீசல் இல்லாமல் தண்ணீர் பவுசரும் நின்றுவிட்டது, இப்போது எல்லாரும் இந்த வண்டிலைத்தான் நம்பியிருக்கிறார்கள், முந்தி ஒரு நடை போன இடத்தில் மூன்று நடை போகிறேன் என்று சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து, அக்காவுக்கு எப்படி என்று கேட்டா. நான் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். என் கண் முழுக்க அந்தச் சில்லுகளில் இருந்தது.

அவர்கள் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து அடித்து விரட்டப்பட்டு இந்தக் காட்டுக்கு வந்த குடும்பம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்தடிக் காணிக்கு வந்த குடும்பம். எங்களுடைய ஆட்கள் அவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை நான் சின்ன வயதில் இருந்து கண்டிருக்கிறேன். வேலைக்குக் கூப்பிடுவார்கள், கதிரை கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அவருக்குச் சில்லுகளைக் கொடுத்த நாளில் அந்த நினைப்பு இன்னும் கூடியது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் நான் யார் ஆவேன்? கொடுத்துவிட்டுப் பறிக்கிறவன் ஆவேன். தண்ணீரை நம்பியிருக்கிற வீடுகள் என்ன சொல்லும்? இப்படியெல்லாம் யோசித்தேன். அம்மாவை நினைத்தேனோ என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தேன். ஆனால் பவுசர் அதற்குள் வந்துவிடும் என்றும் நினைத்தேன். வெறும் கோப்பையை வைத்துவிட்டு, போட்டு வாறன் என்று எழும்பி வந்தேன்.

வீட்டில் அம்மா கேட்டா, "கேட்டனீங்களோ?"

"ஆள் வீட்டை இல்லை" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, ஒழுங்கையால் அவருடைய வண்டில் போனது. மேலே அவர்தான் இருந்தார், எங்களைப் பார்த்துக் கையும் காட்டினார். அம்மாவும் திருப்பிக் கை காட்டினா. பிறகு அவ அதைப்பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறுபடி போயிருப்பேன். அவ ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நாலு முறை போய்வந்தோம். இறக்கங்களில் காலை எடுத்து ஓட்டினேன், ஐம்பதுக்கு மேல் போகவில்லை, சில்லுகளுக்குக் காற்றை இறுக்கமாக அடித்தேன். கொஞ்சம் மிஞ்சும் என்று பார்த்தேன். மிஞ்சியது ஐந்து லீற்றரும் சொச்சமும்.

ஐந்தாவது முறை செவ்வாய்க்கிழமை. பவுசர் வருகிறது என்று ஞாயிறே கதை வந்ததால் பிக்கப்பைக் கொண்டுபோய் வரிசையில் விட்டிருந்தேன். திங்கள் வரவில்லை. செவ்வாய் காலை பத்து மணிக்கு, இன்றைக்கும் இல்லை என்று செட்டில் பலகை வைத்தார்கள். சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி வீட்டுக்கு வந்தேன். அம்மா குளித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த நீலச் சேலையை உடுத்து, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தா. பலகைப் படியையும் தானே தூக்கி முற்றத்தில் வைத்திருந்தா. நான் சைக்கிளில் வருவதைப் பார்த்ததும் அவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பறவாயில்லை. வெள்ளிக்கிழமை போவம்" என்றா. ஆனால் சேலையை உடனே மாற்றவில்லை. மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தா.

அம்மா அன்றைக்குக் களைப்பில் வரமாட்டன் என்று சொன்னதாகத்தான் உங்களுக்குப் போனில் சொன்னேன். அது பொய். அவ உடுத்துக்கொண்டு இருந்தா.

பவுசர் வியாழன் வந்தது. வெள்ளி நாங்கள் போய்ச் சேரும்போது அவவுக்கு முகம் ஊதி, படுத்தால் மூச்சு எடுக்க முடியாமல் இருந்தது. வார்ட்டில் மறித்துவிட்டார்கள், எட்டு நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தா. ஆனால் அதற்குப் பிறகு அவ பழைய ஆள் இல்லை. அடுத்த மாரி தொடங்க முன்னர் போய்விட்டா. அந்த ஒரு முறை விட்டதால்தான் என்று சொல்ல முடியாது, இருதயமும் ஏற்கெனவே பலவீனம் என்று டொக்டர் சொன்னார். அவர் நல்ல மனிசன். நான் அவர் முகத்தைப் பார்த்து ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

செத்த வீட்டில் சின்னம்மா அழுது புலம்பும்போது, பழைய சில்லு இருந்திருந்தால் இன்னும் ஒரு முறை ஓடியிருக்கும் என்று அக்கா சொன்னவா என்றா. மகள், நீ அப்போது என் பக்கத்தில் இருந்தாய். "அப்பா, அவையள் தரேல்லையோ?" என்று கேட்டாய். நான் நிலத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அந்த மனிசனின் மனைவி கேத்திலோடு தேத்தண்ணி கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தா. உனக்கு நீட்டினா. நீ கையைப் பின்னால் எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாய். நீட்டிய கோப்பையோடு அவ நின்றதை நான் பார்த்தேன். அப்போதும் நான் பேசவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் அந்த மனிசன் வந்தார். தண்ணீர் வண்டிலில் இல்லை. அதில் பூட்டியிருந்த இரண்டையும் கழற்றி, நாலு சில்லுகளையும் வேறு ஒரு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கதை அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"கேட்டிருக்கலாமே அண்ணே" என்றார். "அரை மணித்தியாலத்துல கழட்டிக் குடுத்திருப்பேன். தண்ணிய சைக்கிள்ல கட்டியாச்சும் சனத்துக்குக் கொண்டாந்திருப்போம்."

அந்தச் சில்லு ஒன்றின் மேலேயே இருந்துவிட்டேன். பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன், நான் கேட்கவே இல்லை என்று இன்றைக்கே சொல்கிறேன் என்றேன். அவர் மாட்டின் கழுத்தைத் தடவினார்.

"வேணாம் அண்ணே. இப்ப சொல்லாதீங்க. அம்மா போன புள்ளைங்க, யார் மேலயாச்சும் கோவப்படத்தான் செய்யும். எங்க மேலயே இருந்துட்டுப் போகட்டும். அப்பா மேல வேணாம். அதுகளுக்கு இப்ப நீங்க ஒராள்தானே இருக்கீங்க."

இப்போதைக்கு என்றுதான் அவர் சொன்னார். நான் அதை மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன். பிக்கப்பில் மறுபடி சிறிய சில்லு வந்தபோது நான் மல்லாவியில் வாங்கினேன் என்று நினைத்தீர்கள். அதையும் நான் திருத்தவில்லை. அவர் கழற்றித் தந்த சில்லுகளில் ஏறி இருந்துகொண்டுதான் அவருடைய படலையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறீர்கள். ஓட்டுகிறவன் நான்.

டீசல் முடிந்ததோ பவுசர் வராததோ என் கையில் இல்லை. சில்லு பெரிதாக இருந்ததைக்கூட ஒரு மனிசன் விடுகிற பிழை என்று மன்னிக்கலாம். ஒரு சொல் கேட்டிருந்தால் அம்மா அந்தச் செவ்வாய்க்கிழமை போயிருப்பா. அந்த ஒரு சொல்லைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு உங்களிடம் உண்மை சொல்லவும் அதே வெட்கம்.

இந்த முறை லீவுக்கு வரும்போது இருவரும் அந்த வீட்டுக்குப் போங்கள். அந்த மனிசனின் மனைவி தேத்தண்ணி ஊற்றினால் வாங்கிக் குடியுங்கள். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம், அவர்களுக்கு அது கூச்சமாக இருக்கும். பிறகு வீட்டுக்கு வாருங்கள். நான் விறாந்தையில் இருப்பேன். உங்களுக்கு என்னோடு கதைக்க விருப்பம் இல்லாவிட்டால், கதைக்க வேண்டாம்.